துடக்கு வீட்டு இரைச்சல்

என் மனைவியின் தம்பி அந்தத் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து விறாந்தை மேசையில் வைத்தபோது, எங்கள் பிள்ளை பிறந்து இறந்து ஒரு கிழமை கழிந்திருந்தது. வீட்டில் ஒருவரும் உரத்துக் கதைப்பதில்லை. அவன் மட்டும் வழக்கம்போலப் படபடவென்று, "அத்தான், இது இரையுது. உங்களாலைதான் ஏலும்" என்றான். என்னால் ஏலுமான காரியம் ஒன்று இன்னும் மிஞ்சியிருக்கிறது என்று அவன் நம்பியது எனக்கு எரிச்சலாக இருந்தது. என்றாலும் பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். வேறு வேலை இருக்கவில்லை.

அரியாலையில் இருந்த அந்த வீடு என் மனைவியின் சீதன வீடு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் துணிமணியைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். புத்தூரில் தோட்டம் செய்கிற குடும்பத்திலிருந்து நான் அப்படி வந்தவன். சுவர், கூரை, கிணறு, முற்றத்து மல்லிகை எல்லாம் அவளுடையவை. என்னுடையவை ஒரு சைக்கிள், மின்சாரம் அளக்கிற ஒரு மீற்றர், ஈயம் பற்றவைக்கிற கோல் ஒன்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அங்கே யாருக்காவது யாரையாவது பிடிக்காமல் போனால், வெளியே போக வேண்டியவன் நான்தான் என்பது விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிள்ளை ஆசுபத்திரியில் ஒரு பகல் உயிரோடு இருந்தது. பெண் பிள்ளை. வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். இரத்தம் நிறையப் போய்க் கிடந்த மனைவிக்கு நினைவு திரும்பும் முன்னரே எல்லாம் முடிந்து, அடக்கமும் செய்தாகிவிட்டது. காட்டினால் தாங்கமாட்டாள் என்று பெரியவர்கள் சொன்னார்கள், நான் தலையாட்டினேன். அன்று யார் எதைச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். அவள் கண் விழித்து என்னைப் பார்த்தாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதன் பிறகு என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

வீட்டுக்குக் கூட்டிவந்து பிள்ளைப்பெற்ற அறையில் விட்டோம். பிள்ளை இல்லாவிட்டாலும் பெற்ற உடம்புக்குச் செய்வதைச் செய்யத்தானே வேண்டும் என்று மாமி, அவளுடைய தாய், மருந்துச் சரக்கரைத்துக் கொடுத்தார், வேப்பிலை அவித்து வார்த்தார். முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியும்வரை ஆம்பிளைகள் அறைக்குள் போகக் கூடாது. நான் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று இரண்டொரு நாள் காத்திருந்தும் பார்த்தேன். பல்லுக்கு ஊசி போட்ட பின் கன்னத்தைத் தொட்டால் யாருடையதோ போல இருக்குமே, உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் தீட்டுப் பட்ட துடக்கு வீடென்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. புத்தி மட்டும் தாராளமாகத் தந்தார்கள். "இளம் பிள்ளையள்தானே, இன்னும் பெறலாம்" என்றார்கள், கடைக்குப் போனால் வேறொன்று வாங்கலாம் என்பதுபோல. ஒருவர் போகும்போது என்னை வாசல் படலையடிக்குக் கூப்பிட்டு, தன் வீட்டு மின்விசிறி சுற்றவில்லை, எப்போது வந்து பார்ப்பேன் என்று கேட்டார். அன்று வந்தவர்களில் அவரோடு மட்டும்தான் எனக்குக் கோபமில்லை.

அரபு நாட்டுக்கு ஆள் எடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. நான் ஒரு தொழிற்சாலையில் மின்சாரப் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்களில் நாலைந்து பேர் ஏற்கெனவே போய்விட்டார்கள். கொழும்பில் ஒரு தரகரிடம் எனக்கும் இடம் இருந்தது. முப்பத்தொன்று கழிந்ததும் ஓம் என்றோ இல்லையென்றோ சொல்ல வேண்டும். மனைவியோடு கதைத்துத் தீர்மானிக்க வேண்டிய விஷயம். அவள் கதைத்தால் நிற்பது, கதைக்காவிட்டால் போவது என்று எனக்குள் முடிவெடுத்திருந்தேன். அப்படிப் போனால் பிறகு அந்த வீட்டுப் படலையைத் திறக்க மாட்டேன் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அதைப் பற்றியும் ஒன்றும் தோன்றவில்லை.

இனிப் பெட்டிக்கு வருகிறேன். அதைக் கொண்டுவந்த மச்சான் ஓர் இசைக்குழுவில் கிற்றார் வாசித்தான். கிற்றாருக்கும் அம்ப்ளிஃபயருக்கும் நடுவில் வைத்துக் காலால் மிதித்தால், தந்தியின் சத்தம் கிழிந்து கரகரவென்று வரச் செய்கிற பெட்டி அது. வெளிநாட்டுக்காரர்கள் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாலும், அவர்களுடைய குழுவில் அதற்குப் பெயர் கரகரப்பான். எங்கோ ஒரு சஞ்சிகையில் வந்த படத்தைப் பார்த்து, செத்த றேடியோக்களிலிருந்து கழற்றிய சாமான்களைக் கொண்டு, ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் அவனே கட்டியிருந்தான். நல்ல சத்தத்தைக் கெடுப்பதற்கு இவ்வளவு பாடோ என்று மாமி கேட்டார். நீர்வேலியில் ஒரு கோயில் திருவிழாவில் வாசிக்க அவர்களைப் பேசி ஒழுங்கு செய்திருந்தார்கள். சாத்திரப்படி அவனுக்குத் துடக்கு முதலே கழிந்துவிட்டது. அவன் கோயிலுக்குப் போகலாம், வாசிக்கலாம். எனக்கும் அவளுக்கும்தான் முப்பத்தொன்று.

பெட்டியில் இரண்டு வருத்தங்கள் இருந்தன. ஒன்று, கிற்றாரைத் தொடாமல் வைத்திருந்தாலும் அம்ப்ளிஃபயரில் ம்ம்ம் என்று ஓயாத இரைச்சல். மற்றது, மச்சான் சொன்னபடியே சொன்னால், "காலமை நல்லாய்க் கிடக்கு அத்தான். மத்தியானம் தொண்டை அடைச்ச ஆள் மாதிரி விக்கி விக்கி வருது."

"கிற்றாரைப் பூட்டி ஒருக்கால் அடிச்சுக் காட்டு" என்றேன்.

அவன் கிற்றாரின் உறையைக் கழற்றவும் மாமி குசினியிலிருந்து வரவும் சரியாக இருந்தது. "என்னடா செய்யிறாய்? துடக்குக் கழியுமட்டும் இந்த வீட்டிலை ஒரு தந்தி அதிரப்படாது. அவள் உள்ளுக்குப் படுத்துக் கிடக்கிறாள், உனக்குக் கச்சேரியோ?"

"பாட்டில்லை மாமி. உதிலை ஒரு இரைச்சல் கிடக்கு, அதைத்தான் பாக்கப் போறம்" என்றேன் நான்.

மாமி கொஞ்சம் யோசித்தார். "இரைச்சலெண்டால் பரவாயில்லை. பாட்டு வேண்டாம்."

இப்படித்தான் அந்த வீட்டில் இரைச்சலுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. மச்சான் கூடவே கொண்டுவந்திருந்த அம்ப்ளிஃபயரையும் பெட்டியையும் விட்டுவிட்டு, கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். கிற்றார் இல்லாமல் ஒரு கரகரப்பானைத் திருத்தச் சொல்வது, ஆளைக் காட்டாமல் சட்டை தைக்கச் சொல்வது மாதிரி. எனக்கு அது வசதியாக இருந்தது. பாட்டுக் கேட்கிற மனநிலையில் நான் இல்லை.

தந்தியைத் தொட முடியாது என்றால் சோதித்துப் பார்க்க வேறு சத்தம் வேண்டும். அதற்கு இரைச்சலே போதும் என்று முதல் நாளே கண்டுகொண்டேன். கிற்றாரைப் பூட்டுகிற உள்வழி வயரை விரலால் தொட்டால் இரைச்சல் பெருகும். வீட்டு மின்சாரம் காற்றில் விடுகிற நடுக்கத்தை மனித உடம்பு ஏரியல்போலப் பிடித்துக் கொடுக்கும். அந்த இரைச்சல் கரகரப்பானுக்குள்ளால் போய் எப்படிக் கிழிந்து வருகிறது என்று கேட்டால், கிற்றார் எப்படிக் கிழியும் என்று ஊகிக்கலாம். ஆகவே இரைச்சலை முதலில் எடுக்கக் கூடாது. தொண்டையை முதலில் பார்ப்பது, இரைச்சலைக் கடைசியில் எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். லீவு நிறைய இருந்தது. வேலைத்தலத்தில் யாரும் என்னைக் கூப்பிடவுமில்லை.

தொண்டை அடைப்புக்குக் காரணம் ரான்சிஸ்டரை நிறுத்தி வைத்திருந்த நிலை. பயஸ் என்பார்கள். ஒன்பது வோல்ற் பற்றரி என்றால், சத்தமில்லாத நேரத்தில் ரான்சிஸ்டர் ஏறக்குறைய நாலரையில், நடுவில் நிற்க வேண்டும். அப்போதுதான் சத்தம் வரும்போது மேலேயும் கீழேயும் ஆட இடமிருக்கும். ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் அந்தப் பக்கம் முட்டிக்கொள்ளும். சத்தம் விக்கும், பிறகு செத்துப்போகும். மச்சான் போட்டிருந்தவை பழைய ஜெர்மானியம் ரான்சிஸ்டர்கள். அவற்றுக்குச் சூடு ஆகாது. காலையில் மீற்றர் நாலரை காட்டும். வெயில் ஏறி ஓடு காயத் தொடங்க நாலு, மூன்றரை என்று ஊசி இறங்கும். மத்தியானத்தில் ஒன்றரைக்கும் கீழே போய்ச் சுருண்டு படுத்துவிடும். யாரும் ஒன்றும் செய்யவில்லை, வெயில்தான்.

றேடியோக்களிலிருந்து கழற்றிய ரான்சிஸ்டர்கள் ஒரு சிரட்டை நிறைய இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஈயம் பற்றவைக்கிற சூட்டிலேயே செத்துப்போகிற சாதி அது. அதன் கம்பிக் காலைக் குறட்டால் பிடித்துக்கொண்டுதான் கோலை வைக்க வேண்டும். ஒன்றைப் பொருத்தி, விரலை எடுத்து, மீற்றரைப் பார்ப்பேன். ஊசி மெல்ல நகரும். காற்று மாறியதோ, பற்றரி இறங்கியதோ என்று பார்த்தால் அதெல்லாம் இல்லை. என் விரல் பட்ட சூடு. விரலை மறுபடி வைத்தால் ஊசி இறங்கியது, எடுத்தால் ஏறியது. என் உடம்பில் சூடு இருக்கிறது என்று அந்தக் கிழமை எனக்குச் சொன்னது அந்த ஊசி ஒன்றுதான். அதை எத்தனை தரம் செய்து பார்த்தேன் என்று தெரியாது. வேலைக்குத் தேவையே இல்லாமலும் செய்தேன்.

மேசையிலிருந்து பார்த்தால் அறைக் கதவு தெரியும். மாமி காலையும் மாலையும் முற்றத்து மல்லிகையைப் பறித்துத் துணியில் முடிந்து உள்ளே கொண்டுபோவார். மனைவிக்குப் பால் கட்டிக்கொண்டது. குடிக்கப் பிள்ளை இல்லை என்பது உடம்புக்குத் தெரியாதே. மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது எங்கள் ஊர் வைத்தியம். வாடிய பூவை வேலியோரம் கொட்டுவார்கள். வேலியடியில் பழுப்பும் மண்ணிறமுமாகப் பூக்குவியல் உயர்ந்துகொண்டு போனது. பால் வற்றவில்லை. "என்னெண்டு தெரியேல்லை தம்பி, நிக்குதில்லை. விட்டு விட்டு வருது" என்று மாமி என்னிடம் சொன்னார். நான் மீற்றரைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். விட்டு விட்டு வருவதற்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று யோசிக்க வேண்டிய ஆள், அதுவும் அதையே தொழிலாகச் செய்கிறவன், யோசிக்கவில்லை.

அந்த நாட்கள் முழுக்க வீடு இரைந்துகொண்டிருந்தது. காலையில் முகம் கழுவியதும் அம்ப்ளிஃபயரைப் போடுவேன். ம்ம்ம் என்று தொடங்கும். வயரை விரலால் தொட்டால் அதே ம்ம்ம் தடித்து, கிழிந்து, ஒரு பெரிய வண்டு தகரத்துக்குள் மாட்டியதுபோல வரும். மத்தியானம் சாப்பிடக்கூட நிறுத்துவதில்லை. மீற்றர் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டுமே. மாமி காதைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார். மனைவி என்ன நினைக்கிறாள் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளுக்கு வெறுப்பாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். வெறுப்பென்றாலும் பரவாயில்லை, ஒருநாள் கத்தட்டும் என்றும் நினைத்தேன்.

கடைசியில் சூட்டுக்கு அவ்வளவு ஆடாத ஒன்று அகப்பட்டது. நிலையான ரெசிஸ்டர் ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் றேடியோவின் சத்தம் கூட்டுகிற திருகு ஒன்றைப் போட்டேன். வெயிலுக்கு ஒரு நிலை, பனிக்கு ஒரு நிலை என்று மச்சானே திருகிக்கொள்ளட்டும். தொண்டை திறந்தது. இரைச்சல் இரு பக்கமும் ஒரே அளவாய்க் கிழிந்து வந்தது. இனி இரைச்சலை எடுக்க வேண்டியதுதான்.

அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நானும் எல்லாவற்றையும் பார்த்தேன். ரியூப் லைற்றை அணைத்தேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. வயர்களை மாற்றினேன். அம்ப்ளிஃபயரின் எர்த்துக் கம்பி கிணற்றடி மண்ணில் இறங்கியிருந்தது. மண் காய்ந்துவிட்டதாக்கும் என்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். மாமி வந்து பார்த்துவிட்டு, இரும்புக் கம்பிக்குத் தண்ணீர் வார்க்கிற மருமகனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனார். பிறகு ஒரு மத்தியானம் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பெட்டி பளபளவென்று பச்சையாக இருந்தது. வெளியே மட்டுமல்ல, உள்ளேயும்.

அரியாலையில் கடல்நீரேரிக் காற்றுக்கு இரும்பு நிலைக்காது. படலைக் கொண்டி, வாளிக் கைபிடி, சைக்கிள் மட்காட் என்று எல்லாவற்றுக்கும் வருடத்துக்கு ஒருக்கால் பெயின்ற் அடிப்பார்கள். மச்சானும் அந்த மண்ணில் பிறந்த பிள்ளை. பிஸ்கற் தகரம் துருவேறிக் கறள் பிடித்துவிடும் என்று உள்ளும் புறமும் இரண்டு பூச்சுப் பூசி, நன்றாகக் காயவைத்து, அதன் பிறகுதான் சாமான்களைப் பூட்டியிருக்கிறான். வயர் செருகும் துளையின் இரும்பு வளையம் தகரத்தைத் தொடவேயில்லை. நடுவில் பச்சைப் பெயின்ற். தகரம் எர்த்தோடு சேராமல் அந்தரத்தில் நின்றது. இரைச்சலைத் தடுக்க வேண்டிய பெட்டியே அதைப் பிடித்து உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தது. கறளுக்குப் பயந்து செய்த வேலை. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

கத்தி நுனியால் துளையைச் சுற்றிப் பெயின்றைச் சுரண்டினேன். வெள்ளித் தகரம் தெரிந்தது. வளையத்தைப் பூட்டி இறுக்கினேன். அம்ப்ளிஃபயரைப் போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. கெட்டுப்போயிற்றோ என்று நினைத்து உள்வழி வயரை விரலால் தொட்டேன், வண்டு கத்தியது. எடுத்தேன்; அமைதி. நாட்கணக்காக இரைந்த வீடு கம்மென்று இருந்தது.

அப்போது அறைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "இஞ்சேருங்கோ."

முதலில் மாமியைக் கூப்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் தாயை யாரும் இஞ்சேருங்கோ என்று கூப்பிடுவதில்லை, அது புருசனைக் கூப்பிடுகிற சொல். எழும்பிக் கதவடிக்குப் போனேன். உள்ளே காலெடுத்து வைக்காமல் நின்றேன்.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்?" என்றாள்.

"பிழையைக் கண்டுபிடிச்சிட்டன். இனி இரையாது."

"இரையட்டும். திருப்பிப் போடுங்கோ."

அவள் கட்டிலில் எழும்பி உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கி, தலை எண்ணெய் காணாமல் இருந்தது. சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்து பரவிக்கொண்டிருந்தது. எனக்கு விளங்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. எரிச்சலோடு வேலிப் பக்கத்து யன்னலைக் காட்டினாள். "அது அழுதால் எனக்குப் பால் வருது. உங்கடை இரைச்சல் கிடந்தால் அது கேக்காது. பின்னேரம் நீங்கள் நிப்பாட்டினாப் பிறகுதான் கேக்கிறது."

அப்போதுதான் எனக்குக் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டில், ஒரு பச்சைக் குழந்தை அழுதுகொண்டிருந்தது. எங்களுக்கு முந்திய கிழமை அந்த வீட்டில் பிறந்த பிள்ளை. தொட்டில் எங்கள் யன்னலுக்கு நேரே இருந்திருக்க வேண்டும். எத்தனை நாளாய் அழுகிறதோ. ஒரு மெல்லிய இரைச்சலைக் கேட்பதற்காகக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு அந்த விறாந்தையில் நான் உட்கார்ந்திருந்தேன். அந்த அழுகை என் காதில் விழவேயில்லை.

நான் மேசைக்குப் போய் வளையத்தைக் கழற்றி, துளையைச் சுற்றி இன்சுலேசன் ரேப் ஒட்டி மறுபடி பூட்டினேன். ம்ம்ம் என்று தொடங்கியது. சத்தத்தைக் கூட்டினேன். கிணற்றடியிலிருந்து மாமி, "நிண்டு போச்செண்டெல்லோ நினைச்சன், பேந்தும் இரையுது?" என்று கேட்டார். "ஓம் மாமி, இன்னும் கொஞ்சம் கிடக்கு" என்றேன்.

மறுநாள் பின்னேரம் மச்சான் வந்தான். படலையிலேயே அவன் முகம் கறுத்துவிட்டது. "அத்தான், இன்னும் இரையுதே! நாளைக்குத் திருவிழா!"

"வாயை மூடிக்கொண்டு இரு" என்று அவனிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. ரேப்பைக் கிழித்து, வளையத்தை இறுக்கி, கம்மென்று இருப்பதைக் காட்டி, அம்ப்ளிஃபயரையும் பெட்டியையும் சைக்கிள் கரியரில் கட்டி அனுப்பினேன். பிற்பாடு சொன்னான், நீர்வேலியில் நன்றாகப் போனதாம். மேடை விளக்குச் சூட்டில் கடைசிப் பாட்டுக்கு மட்டும் தொண்டை கட்டியதாம், திருகைத் திருக மறந்துபோனானாம். நான் அதை அரைக் காதால் கேட்டேன்.

அவன் போனதும் வீடு திரும்பவும் அமைதியாகிவிட்டது. அந்தப் பிள்ளை எப்போது தொடங்கும் என்று நான் காத்திருக்கவில்லை. வீட்டுச் சாலையில், நடுக்கூடத்தில், மாமனார் காலத்துப் பழைய வால்வு றேடியோ துணி போர்த்தி இருந்தது. துடக்கென்று பாட்டுக் கேட்காமல் வைத்திருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு நேரே அறைக்குள் போனேன். மாமி, "தம்பி, தம்பி, உள்ளுக்குப் போகப்படாது" என்று பின்னால் வந்தார்.

"றேடியோ தானாய் நடந்து போகாது மாமி."

"பாட்டோ?"

"பாட்டில்லை. இரைச்சல்."

மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, குசினிக்குப் போய் உலைமூடியைத் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டு வைத்தார்.

பழைய றேடியோக்களின் பின்னால் கிராமபோன் பூட்டுவதற்கு ஒரு துளை இருக்கும். அதில் ஒரு நீள வயரைச் செருகி, மறு முனையைச் சும்மா விட்டால் மெல்லிய இரைச்சல் வரும். முனையைக் கையில் பிடித்துக்கொண்டால் நன்றாக வரும். யாராவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் கட்டிலடியில் நிலத்தில் உட்கார்ந்து, ஒரு கையில் வயரைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சத்தத்தைக் கூட்டினேன். ம்ம்ம் என்று அறை நிறைந்தது. "உது காணும், போதும்" என்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுதிருந்தால் எங்களுக்குக் கேட்டிருக்காது. குசினியில் மாமி திட்டியிருந்தாலும் கேட்டிருக்காது.

"அரபுக்குப் போறியளாம்" என்றாள் அவள்.

"ஆர் சொன்னது?"

"தம்பி."

"நான் இன்னும் ஓமெண்டு சொல்லேல்லை."

"போறதெண்டால் போங்கோ" என்றாள். குரலில் கோபம் இல்லை. "ஆனால் பிள்ளையை எனக்குச் சொல்லிப்போட்டுப் போங்கோ. அம்மாவும் காணேல்லை, தம்பியும் காணேல்லை. எல்லாரும் சேந்து எனக்குக் காட்டாமல் விட்டிட்டியள். உயிரோடை கண்டது நீங்கள் ஒராள்தான். நீங்களும் போட்டியளெண்டால் நான் ஆரைக் கேக்கிறது?"

அவள் என்னோடு கதைக்காமல் இருந்தது கோபத்தால் என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். அவள் நான் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள். நான் வாயைத் திறக்கவேயில்லை.

"தலை நிறைய முடி" என்றேன். "கறுத்த முடி. ஈரமாய் ஒட்டிக் கிடந்தது."

"நிறம்?"

"உம்மடை நிறம். மூக்கு எங்கடை ஆக்களின்ரை மூக்கு, கொஞ்சம் சப்பை."

"கண் திறந்ததோ?"

"ஒருக்கால். யன்னல் வெளிச்சத்தைப் பாத்தது. பேந்து மூடிப்போட்டுது."

"ஆர் தூக்கி வைச்சிருந்தது?"

"நான்தான். கடைசிமட்டும் நான்தான் வைச்சிருந்தனான்."

அவள் அதைக் கேட்டுக்கொண்டு மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "அழுததோ?"

"ஓம். சாதுவாய், மெல்லிசாய்."

"எப்பிடி?"

நான் அவளைப் பார்த்தேன். "எப்பிடி அழுதது எண்டு கேக்கிறன்" என்றாள்.

அதைச் சொல்லிக் காட்ட வார்த்தை கிடைக்கவில்லை. ஆகவே செய்து காட்டினேன். ஆசுபத்திரியில் கேட்டதை அப்படியே, மூக்கால், மெல்ல, இடையில் மூச்சு அறுந்து அறுந்து. நிலத்தில் உட்கார்ந்திருந்த வளர்ந்த மனிசன், கையில் ஒரு வயரோடு, பச்சைப் பிள்ளைபோல அழுது காட்டினேன்.

அவள் தலையணையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். "கூட்டுங்கோ" என்றாள், தலையணைக்குள்ளால். நான் திருகைக் கடைசிவரை திருப்பினேன். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் தோள் குலுங்குவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

குலுங்கல் ஓய்ந்ததும் தலையணையை இறக்கி, "இன்னொருக்கால்" என்றாள். இன்னொருக்கால் செய்து காட்டினேன். அவள் பிறகும் கேட்டாள். மூன்றாம் முறை தொடங்கியபோது நான் செய்து காட்டவில்லை. அது தானாய் வந்தது, நெடுநேரம் வந்தது, நிறுத்த முடியவில்லை.